உங்களுக்குத் தெரியுமா? புளோரிடாவில் போட்ட வளையம், அலாஸ்காவில்!

மூன்று, நான்கு கிராம் எடையே உள்ள ஹம்மிங் பறவை ஐந்தே மாதத்தில் ஒரு கண்டத்தின் மூலைக்கு மூலை போய்விடும். 2010 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் காலில் வளையம் மாட்டப்பட்ட செம்பழுப்பு இனப் பறவை ஒன்று, அதே ஆண்டு ஜூனில் அலாஸ்காவில் பிடிபட்டது. நேர்கோட்டில் அளந்தாலே 5,600 கிலோமீட்டருக்கு மேல்!

• வளையம் அலுமினியத்தால் ஆனது. ஓர் அரிசியைவிட இலேசானது. அதில் பொறித்த எண்தான் பறவையின் அடையாளம்.

• இன்னோர் இனம், தொண்டை மாணிக்கச் சிவப்பாக மின்னும் ஹம்மிங் பறவை. வசந்தத்தில் வடக்கே திரும்பும்போது இவற்றில் பல மெக்சிகோ வளைகுடாவை நேராகக் கடக்கின்றன. சுமார் 800 கிலோமீட்டர், கீழே கடல் மட்டுமே, இறங்கி இளைப்பாற இடமில்லை. புறப்படுமுன் உடலில் சேர்த்த கொழுப்புதான் எரிபொருள். எடை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். இவ்வளவு சின்ன உடம்புக்கு அசாத்தியமான துணிச்சல் இது.

• இப்படி வடக்கே திரும்பும்போது ஆண் பறவைகள் முதலில் வரும், பெண் பறவைகள் பின்னால்.

• வலசையைப் பின்தொடர்வதில் பொதுமக்களின் பங்கு பெரிது. தோட்டத்தில் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியைத் தொங்கவிட்டு, முதல் பறவை வந்த தேதியை ‘ஜர்னி நார்த்’ என்ற வலசைக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கிறார்கள். மார்ச்சில் வளைகுடாக் கரையில் தென்படுபவை, மே மாதம் கனடாவில்!