அடுத்த வளவில் கோபுரம்: கையொப்பமிட முன் கணக்குப் பார்ப்போம்

கையடக்கத் தொலைபேசியில் சிக்னல் கிடைக்காவிட்டால் கம்பனியைத் திட்டுகிறோம். அந்தச் சிக்னலுக்காக நமது ஒழுங்கையில் கோபுரம் எழுப்ப வந்தால் நகர சபையைத் திட்டுகிறோம். இரண்டு கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கோபுரத்துக்கு இடம் கொடுப்பவரும் பக்கத்து வீட்டுக்காரரும் அனுமதி வழங்கும் சபையும் எந்த விதியில் நிற்கிறார்கள் என்பது தெரியாமல் கோபப்பட்டு யாருக்கும் ஒரு சதம் பிரயோசனமில்லை. வர்த்தகர்களாகிய நாம் இந்த விடயத்தில் இரண்டு பக்கத்திலும் இருக்கிறோம். கடைக்குச் சிக்னல் வேண்டும். வீட்டுக்கு நிம்மதி வேண்டும். வளவு வைத்திருப்பவருக்கு மாத வாடகையும் வேண்டும்.

இலங்கையில் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவையை செல்டெல் நிறுவனம் 1989இல் ஆரம்பித்தது. அக்காலத்தில் அந்தத் தொலைபேசி பெரிய முதலாளிமார் கையில் மட்டும் இருந்தது. ஒரு நகரத்துக்கு ஒரு கோபுரம் போதும். 1995இல் இன்று டயலொக் என அறியப்படும் நிறுவனமும் வந்த பிறகு போட்டி கூடியது, கட்டணம் குறைந்தது. இன்று மீன் வியாபாரி முதல் மொத்தக் கடைக்காரர் வரை எல்லோரும் ஓடரும் எடுப்பது, பணமும் அனுப்புவது அதிலேதான்.

“ஊருக்கு வெளியே வயலில் கொண்டுபோய் நட்டால் என்ன?” என்று பலர் கேட்கிறார்கள். ஒரு கோபுரம் குறிப்பிட்ட அளவு பாவனையைத்தான் தாங்கும். ஆட்கள் கூடக் கூட அந்த அளவு பங்குபோடப்படும். அதோடு இணையத்துக்குப் பயன்படும் உயர்ந்த அலைவரிசைகள் தூரம் குறைவாகவே போகும். கொங்கிறீட் சுவரைக் கடப்பதும் கஷ்டம். ஆகவே ஆட்கள் எங்கே நெருக்கமோ அங்கேதான் கோபுரம் வரப்பார்க்கும். 2020, 2021 கொவிட் காலத்தில் ஊவாப் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்லைன் பாடத்துக்காக மலையிலும் மரத்திலும் ஏறிய படங்களை நாம் பார்த்தோம். கோபுரமே வேண்டாம் என்று சொல்ல முடியாது. எங்கே, எப்படி, யாரைக் கேட்டு என்பதுதான் கேள்வி.

யாரிடம் என்ன அனுமதி?

கம்பனிக்கு அனுமதிப்பத்திரமும் அலைவரிசையும் கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும் அதைத் திருத்திய 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும் அதன் அடிப்படை. கோபுரத்தின் உயரத்தையும் இடத்தையும் பொறுத்து சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை, பாதுகாப்பு அமைச்சு, மத்திய சுற்றாடல் அதிகார சபை போன்றவற்றின் இணக்கமும் கேட்கப்படும்.

நிலத்தில் கட்டுவதற்கான அனுமதி வேறு. நகர அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடமென்றால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இல்லாமல் எதையும் கட்ட முடியாது. பெரும்பாலும் இந்த அதிகாரம் உள்ளூராட்சி சபைக்குக் கையளிக்கப்பட்டிருக்கும். அங்குள்ள திட்டமிடல் குழுவில்தான் விண்ணப்பம் பார்க்கப்படும். ஏனைய இடங்களில் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி சபை அனுமதிக்க வேண்டும்.

இதை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. “கொழும்பு அனுமதி இருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது” என்று கையை விரிக்கும் உத்தியோகத்தரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். கொழும்பு தருவது ஒன்று, சபை தருவது வேறொன்று. சபையின் கையில் இருப்பது எல்லைத் தூரம், அத்திவாரம், பாதை, இரைச்சல், அயலவரின் ஆட்சேபம் ஆகிய விடயங்கள்.

எங்கள் பகுதியில் நடந்தது

2018இல் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை உறுப்பினர்கள் இல்லாமல் ஆணையாளர்களும் செயலாளர்களுமே சபைகளை நடத்தினார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் ஒரு கோபுரம் வந்தது. சபையின் பெயரும் கம்பனியின் பெயரும் இங்கே வேண்டாம்.

இடம் கொடுத்தவர் ஹாட்வெயார் கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு நானா. வீட்டுக்குப் பின்னால் பத்துப் பேர்ச்சஸ் வெறும் காணி. மருந்துச் செலவுக்கு அந்த வாடகை அவருக்கு அவசியம். பக்கத்து வீட்டுத் தாத்தா கணவரை இழந்தவர். மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்துச் சீவிக்கிறார். கிடங்கு தோண்ட மெஷின் வந்த அன்றுதான் அயலவர்களுக்கு விடயம் தெரியும். அனுமதி கிடைத்து மூன்று மாதம் கழிந்திருந்தது.

மகஜர் எழுதினோம், கையொப்பம் சேர்த்தோம். முதலாவது கூட்டத்தில் புற்றுநோய், மூளை, கர்ப்பிணிகள் என்று ஆளுக்கொரு பக்கம் சத்தம் போட்டார்கள். கம்பனியிலிருந்து வந்த பொறியியலாளர் ஓர் அறிக்கையைக் காட்டிவிட்டு அமைதியாக இருந்தார். நானாவோ, “நான் என்ட வளவத்தானே குடுத்த? யார்ட சல்லியும் எடுக்கல்லயே” என்று கண்கலங்கினார். அந்தக் கூட்டம் ஒரு முடிவும் இல்லாமல் கலைந்தது.

பிறகு தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையில் இருந்த கோவையின் பிரதியைக் கேட்டோம். அதில் மூன்று அயலவர்களின் சம்மதக் கடிதங்கள் இருந்தன. ஒருவர் வாடகைக்கு இருந்து வீட்டைக் காலி செய்து போனவர். ஒருவர் நானாவின் மருமகன். மற்றவர் வெளிநாட்டில் இருப்பவர். வரைபடத்தில் ஜெனரேட்டரின் இடம் தாத்தாவின் வீட்டுப் படுக்கையறைச் சுவரோடு ஒட்டியிருந்தது.

இரண்டாவது கூட்டத்தில் கதிர்வீச்சைப் பற்றி யாரும் பேசவில்லை. கடிதங்களையும் வரைபடத்தையும் மேசையில் வைத்தோம். ஜெனரேட்டரை வீதிப் பக்கம் மாற்றவும் சத்தம் தடுக்கும் கூடு போடவும் பகலில் மட்டும் ஓட்டிப் பரிசோதிக்கவும் சேதத்துக்கான காப்புறுதியை எழுத்தில் தரவும் கம்பனி ஒத்துக்கொண்டது. கோபுரம் இன்றும் நிற்கிறது. தாத்தாவின் மேல்மாடி ஐந்து மாதம் ஆளில்லாமல் கிடந்தது. இருபது வருடமாக ஒரே சீட்டில் இருந்த அந்த இரண்டு வீட்டாரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. அனுமதிக்கு முன்பே ஒரு மணித்தியாலம் எல்லோரையும் கூட்டிப் பேசியிருந்தால் இந்த இழப்பு வந்திருக்காது.

கதிர்வீச்சுப் பயம்

பயத்தைக் கேலி செய்யக் கூடாது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011இல் ரேடியோ அலைகளை ‘2பி’, அதாவது புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது உண்மை. ஆனால் ஆசிய நாடுகளில் போடப்படும் ஊறவைத்த மரக்கறியும் அதே பட்டியலில் இருக்கிறது. நிரூபணம் போதாது, ஆயினும் கவனிக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஏற்பாட்டில் 2024இல் வெளியான மீளாய்வு, கையடக்கத் தொலைபேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் இடையில் தொடர்பைக் காணவில்லை.

சர்வதேச வழிகாட்டல்படி பொதுமக்கள் இருக்கும் இடத்தில் 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையின் உச்ச அளவு ஒரு சதுர மீற்றருக்கு 4.5 வோட். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் இதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் பலம் நான்கில் ஒன்றாகும். கோபுரத்து அன்ரெனா வெளிச்சவீடு போலப் பக்கவாட்டில் வீசுவதால் நேர் கீழே பலம் குறைவு. அதே உயரத்தில் எதிரே மேல்மாடி இருந்தால் அங்கே அளந்து பார்க்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. “அளந்து எழுத்தில் தாருங்கள்” என்று கேட்பதுதான் புத்தி.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், மத்திய அரசின் அளவுக்குள் இருக்கும் கோபுரத்தைக் கதிர்வீச்சுக் காரணம் காட்டி உள்ளூர்ச் சபை மறுப்பதைத் தடுக்கிறது. ஆனால் இடம், உயரம், தோற்றம் ஆகியவற்றைப் பார்க்கும் அதிகாரத்தைச் சபைக்கே விட்டிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில், ஆதாரத்தோடு தரவேண்டும். எங்கள் பகுதியிலும் வேலை செய்தது எழுத்தும் ஆதாரமும்தான்.

இரைச்சல் விடயத்தில் நமது சட்டம் தெளிவானது. 1996ஆம் ஆண்டின் ஒலிக்கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. மின்வெட்டு இரவில் ஓடும் ஜெனரேட்டரை இந்த அளவுகோலால் அளக்கலாம். தாங்க முடியாத தொல்லையென்றால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதிவான் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி உண்டு.

வளவு கொடுப்பவர் பார்க்க வேண்டியவை

இனி வாடகைக்குக் கொடுக்க நினைக்கும் சகோதரர்களுக்கு. மாத வாடகைத் தொகையை மட்டும் பார்த்துக் கையொப்பமிட வேண்டாம்.

முதலாவது, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். கம்பனி கொண்டுவரும் அச்சடித்த தாளை உங்கள் சொந்த நொத்தாரிசிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, வெளியேறும் வாசகம். கம்பனி அறிவித்தல் கொடுத்துவிட்டுப் போகலாம், நீங்கள் பத்து வருடத்துக்கு நிறுத்த முடியாது என்ற மாதிரி ஒப்பந்தங்கள் உண்டு. 2018இல் எடிசலாட்டும் ஹட்சும் இணைந்தன. 2024இல் எயார்டெல் லங்கா டயலொக்கின் கைக்குப் போனது. இரண்டு கம்பனி ஒன்றானால் பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்களில் ஒன்று மேலதிகமாகும். அது உங்களுடையதானால் வாடகை நின்றுவிடும், கொங்கிறீட் அத்திவாரம் உங்கள் வளவில் கிடக்கும். அதை அகற்றுவது யார் செலவு என்பது முதலிலேயே எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, பங்கு. அதே கோபுரத்தில் இரண்டாவது கம்பனியும் அன்ரெனா மாட்டினால் உங்களுக்கு மேலதிக வாடகை உண்டா? எழுதாவிட்டால் கிடைக்காது.

நான்காவது, காணியின் நிலை. வங்கிக்கு ஈடுவைத்த காணியென்றால் வங்கியின் சம்மதம் தேவை. பிரிக்கப்படாத வாப்பாவின் காணியென்றால் சகோதர சகோதரிகள் எல்லோருடைய கையொப்பமும் தேவை. பின்னர் விற்க நினைத்தால் வாங்குபவர் குத்தகையோடு சேர்த்தே வாங்க வேண்டும். விலையும் அதற்கேற்பத்தான் பேசப்படும்.

ஐந்தாவது, வரி. 2023 ஜனவரி முதல் மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வாடகையில் நூற்றுக்குப் பத்து வீதம் பிடித்துவைக்கப்படுகிறது. காணியில் வருமானம் வந்தால் சபையின் ஆதன வரி மதிப்பீடு கூடுமா என்பதையும் விசாரியுங்கள்.

சபைக்கும் ஒரு சொல்

2017 நவம்பரில் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, கோபுரம் ஒன்றுக்கு மாதம் இரண்டு இலட்சம் ரூபா வரியை முன்மொழிந்தார். கம்பனிகள் தனித்தனியே கட்டாமல் ஒரே கோபுரத்தைப் பகிர வேண்டும் என்பதே எண்ணம். இந்திய உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில், கோபுரங்களுக்குச் சொத்து வரி அறவிடலாம் என்று தீர்ப்பளித்தது. ஆக, கோபுரம் சபைக்கும் ஒரு வருமானம். பொதுப்பணத்தோடு சம்பந்தப்பட்ட அனுமதியை இரகசியமாக வைத்திருக்கச் சபைக்கு ஒரு நியாயமும் இல்லை. விண்ணப்பம் வந்ததும் அந்த ஒழுங்கையில் ஓர் அறிவித்தலை ஒட்டுவதற்குச் செலவு ஒரு தாளும் கொஞ்சம் பசையும்தான்.

2025 ஜூனிலிருந்து நமக்கு மறுபடியும் வட்டார உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஒழுங்கையில் நிலமளக்க ஆட்கள் வந்தால் கிடங்கு தோண்டும்வரை காத்திருக்க வேண்டாம். சபைக்குப் போய் விண்ணப்ப இலக்கத்தைக் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தீர்மானிக்க வேண்டும். வரைபடத்தில் ஜெனரேட்டர் எங்கே என்று பாருங்கள். சம்மதக் கடிதம் கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். ஆட்சேபத்தைத் திகதியிட்டு எழுதி, பிரதியில் சபையின் முத்திரையைப் பெற்றுக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னர், வளவு கொடுக்கப்போகும் அயலவரின் வீட்டுக்குப் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு, அவருக்கு அந்த வாடகை ஏன் தேவை என்று கேளுங்கள்.