சேராத தோட்டாக்கள்

ஜெர்மனியின் 1888 மாடல் துப்பாக்கியைப் போன வாரம் பார்த்தோம். பத்தே ஆண்டுகளில் 98 மவுசரைத் தேர்ந்தெடுத்து, ஜெர்மன் ராணுவமே அதை ஓரங்கட்டத் தொடங்கியது. ஊரார் கழித்துக்கட்டிய அந்தத் துப்பாக்கி சீனாவில் அரை நூற்றாண்டு உழைத்தது.

அதைக் கொண்டுவந்தவர் சிங் அரசின் மூத்த ஆளுநர் ஜாங் ஜிடோங். கேன்டனில் ஆயுதத் தொழிற்சாலை கட்டுவதுதான் அவர் திட்டம். 1889-இல் மாற்றல் வந்தது. மனிதர் சளைக்கவில்லை, திட்டத்தையும் கையோடு வூச்சாங்குக்குக் கொண்டுபோய்விட்டார். ஆற்றின் எதிர்க்கரையிலிருந்த ஹன்யாங்கில், தன் இரும்பாலைக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலையை எழுப்பினார். 1894-இல் அது தீப்பிடித்து எரிந்தது. மறுபடி கட்டி, 1895 வாக்கில் துப்பாக்கி செய்யத் தொடங்கினார்கள். பெயர் ஹன்யாங் 88.

இதன் குணம் புரிய வேண்டுமென்றால் தோட்டா நிரப்பும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து தோட்டாக்களைப் பிடித்திருக்கும் தகட்டு கிளிப்பை அப்படியே மேலிருந்து உள்ளே அழுத்த வேண்டும். கடைசித் தோட்டா குழலுக்குள் ஏறியதும், காலி கிளிப் அடியிலிருக்கும் திறப்பு வழியாகத் தானே கீழே விழும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளிப் விழும் அதே வழியில் சேறும் மணலும் உள்ளே போகும். கிளிப் இல்லாவிட்டாலோ, கை நிறையத் தோட்டா இருந்தும் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட வேண்டியதுதான்.

1911 அக்டோபர் 10 இரவு வூச்சாங்கில் சிங் ஆட்சிக்கு எதிராகக் கலகத்தில் இறங்கிய பொறியியல் படை வீரர்களுக்கு முதல் கவலையே தோட்டாதான். சந்தேகப்பட்ட அதிகாரிகள் முன்கூட்டியே அதைப் பறிமுதல் செய்திருந்தார்கள். ஆகவே வீரர்கள் முதலில் ஓடியது சூவாங்தாய் ஆயுதக் கிடங்குக்கு. ஓரிரு நாளில் ஹன்யாங் தொழிற்சாலையும் அவர்கள் வசமானது. சிங் வம்சத்தைக் காக்க ஜாங் கட்டிய ஆலை, அந்த வம்சத்துக்கே எதிராக நின்றது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1909-இலேயே இறந்துவிட்டார்.

முடியாட்சி போனதும் ஆளுக்கொரு மாகாணம், ஆளுக்கொரு படை. 1919 முதல் 1929 வரை வல்லரசுகள் சீனாவுக்கு ஆயுதம் விற்கத் தடை போட்டன. கள்ளக் கடத்தல் கொழித்தது. உள்ளூர்ப் பட்டறைகளும் பெருகின. ஷான்ஷியை ஆண்ட யான் ஷிஷான், ஜப்பானின் 6.5 மில்லிமீட்டர் துப்பாக்கியைத் தன் தாய்யுவான் ஆலையில் நகலெடுத்தார். இன்னொரு படைத்தலைவர் ஃபெங் யூஷியாங்குக்கு சோவியத்திலிருந்து 7.62 ரஷ்யத் துப்பாக்கிகள் வந்தன. கேன்டன் ஆலை 6.8 மவுசர் செய்திருந்தது. ஹன்யாங்குடையது 7.92. நேற்று எதிரியாக இருந்த படை இன்று கூட்டாளியானால், அதன் துப்பாக்கிகளுக்கென்று தனித் தோட்டா வண்டி அனுப்ப வேண்டும். சீனப் படைகளிடம் ஆயுதமே இல்லை என்பது பலரும் சொல்லும் காரணம். எனக்கென்னவோ, இருந்த ஆயுதங்கள் ஒன்றுக்கொன்று சேராததுதான் பெரிய வியாதியாகத் தெரிகிறது.

வடகிழக்கை ஆண்ட ஜாங் ஸுவோலின் முக்டெனில் நாட்டின் மிகப் பெரிய ஆயுத ஆலைகளில் ஒன்றை எழுப்பினார். 1931 செப்டம்பரில் ஜப்பானியர் அதைக் கிடங்கோடு வாரிக்கொண்டார்கள்.

சியாங் கை ஷேக்கின் தேசிய அரசு 7.92-ஐப் பொது அளவாக்க முனைந்தது. மவுசர் நிறுவனத்தின் புது மாடலை அடியொற்றி, 1935-இல் ஹெனான் மாகாணத்தின் கோங்ஷியான் ஆலையில் புதிய துப்பாக்கி உற்பத்தி தொடங்கியது. அதற்கு சியாங்கின் பெயரையே வைத்தார்கள். நீளம் 111 சென்டிமீட்டர். ஹன்யாங் துப்பாக்கியைவிடக் குட்டை. ஜப்பானியரின் அரிசாக்காவோ 128 சென்டிமீட்டர். கைகலப்பு என்று வந்தால் அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. அதனால் சியாங் துப்பாக்கிக்கு நீளமான கத்தி மாட்டினார்கள். இதில் கிளிப் உள்ளே போகாது; தோட்டாக்களைக் கோத்த தகட்டுப் பட்டையை மேலே வைத்து, தோட்டாவைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளிவிட்டுப் பட்டையை எறிந்துவிடலாம். அடியில் திறப்பு கிடையாது.

1937-இல் ஜப்பானுடன் முழுப் போர் மூண்டபோது புதியது போதவில்லை. ஹன்யாங்கும் சியாங்கும் கலந்தே களமிறங்கின. இரண்டுக்கும் 7.92 தோட்டாதான்; ஆனால் ஒன்றின் பட்டை மற்றதன் கிளிப்புக்கு ஈடாகாது. ஹன்யாங் வைத்திருந்தவர்கள் பட்டையிலிருந்து தோட்டாவைக் கழற்றித் தங்கள் கிளிப்பில் கோக்க வேண்டியிருந்தது.

1938-இல் வூச்சாங்கும் ஹன்யாங்கும் அடங்கிய வூஹானை ஜப்பானியர் நெருங்கியபோது, ஹன்யாங்கின் பழைய ஆலையின் இயந்திரங்களைப் பிரித்தெடுத்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பயணம் அடுத்த வாரம்.

(தொடரும்)