லினக்ஸில் இருந்து டிசிசிபி ஏன் நீக்கப்பட்டது?

டோஹாவில் இருந்து மகன் வட்ஸ்அப்பில் ஆலையடிவேம்புக்குப் பேசுகிறார். நடுவே ஒரு சொல் அறுந்துபோனால் பேச்சு நின்றுவிடாது. அடுத்த சொல் வந்துவிடும். தவறியதைத் திருப்பி அனுப்பினாலும் அது காலம் கடந்த சரக்குத்தான்.

இந்த மாதிரிக் குரலுக்கும் வீடியோவுக்குமாக உருவானதே டிசிசிபி என்ற நெறிமுறை. வழக்கமான இரண்டு நெறிமுறைகளில், டிசிபி தவறியதை மறுபடி அனுப்பும், அதனால் தாமதமாகும். யுடிபி நெரிசலைப் பாராமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். டிசிசிபி மறுபடி அனுப்பாது, ஆனால் நெரிசல் கண்டால் வேகத்தைக் குறைக்கும். 2005இல் இது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலில் சேர்ந்தது.

யோசனையில் குறையில்லை. ஆனால் வீட்டு ரவுட்டர்களுக்குப் பெரும்பாலும் டிசிபியையும் யுடிபியையும்தான் தெரியும். மூன்றாவது ஆள் வந்தால் விடமாட்டா. செயலி எழுதுபவர்கள் யுடிபியை வைத்துக்கொண்டு, நெரிசல் கட்டுப்பாட்டைத் தாங்களே அதன்மேல் எழுதிக்கொண்டார்கள். டிசிசிபியைத் தேடி ஆள் வரவில்லை.

தேடாவிட்டால் சும்மா கிடக்கட்டுமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். டிசிசிபி வேண்டும் என்று சாதாரணப் பயனரின் புரோகிராம் ஒன்று கேட்டாலே போதும், பல லினக்ஸ் கணினிகளில் அதற்கான நிரல் தானாகவே கேர்னலுக்குள் ஏறிவிடும். 2017 பெப்ரவரியில் அந்திரேய் கொனோவலொவ் என்ற ஆய்வாளர் அதில் ஒரு வழுவை வெளிப்படுத்தினார். ஒரே நினைவகத் துண்டை இரண்டு தரம் விடுவிக்கும் பிழை அது. கணினியில் சாதாரணக் கணக்கு மட்டும் வைத்திருப்பவர் அதைப் பயன்படுத்தி முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம். பத்து வருடத்துக்கு மேல் அது யார் கண்ணிலும் படவில்லை. ஆளே பாவிக்காத நிரலைப் பார்ப்பது யார்?

2023இல் முன்னறிவிப்புக் கொடுத்து, 2025 ஜூலையில் வெளியான கேர்னலின் 6.16 பதிப்பில் டிசிசிபியை எடுத்துவிட்டார்கள். நொவெல் நெட்வேர்க்குகளின் ஐபிஎக்ஸ் நெறிமுறை 2018இலும், டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்நெட் 2022இலும் இதே வழியில் போயின. கவலைப்பட ஒன்றுமில்லை, என்னைக் கேட்டால் டிசிசிபியை இன்னும் முன்பே அனுப்பியிருக்கலாம்.

ஆனால் பழைய பதிப்புகள் இன்னும் பல சேவையகங்களில் ஓடுகின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்பவர்கள் பாதுகாப்புத் திருத்தங்களைப் போட்டுவிட்டு, டிசிசிபி நிரல் தானாக ஏறாதபடி அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.