பால் கட்டி என்று விட்டுவிடாதீர்கள்

மாசமாக இருக்கிறவளுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டால், சிங்கவரத்திலும் செஞ்சியிலும் "பால் கட்டிதான், பிரசவம் ஆனா கரைஞ்சிடும்" என்பார்கள். டீயைக் குடியுங்கள் அக்கா, சொல்கிறேன். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் ஏறத்தாழ ஆயிரம் கர்ப்பத்தில் ஒன்றில் ஏதாவதொரு புற்றுநோயும் கூடவே வருகிறது. இரண்டு வாரத்தில் போகாத கட்டிக்கு ஸ்கேன் பார்க்க வேண்டும். அந்த அல்ட்ராசவுண்டோ, மரத்துப்போக ஊசி போட்டுச் சதை எடுக்கும் பயாப்ஸியோ வயிற்றுப் பிள்ளையை ஒன்றும் செய்யாது.

"கலைச்சிட்டுத்தான் வைத்தியமா?" என்கிறீர்கள். மார்பகப் புற்றில் கலைப்பதால் தாய் பிழைக்கும் வாய்ப்பு கூடுவதில்லை. எந்த மாதத்தில் எந்த வைத்தியம் என்பதுதான் கணக்கு. முதல் மூன்று மாதம் பிள்ளைக்கு உறுப்புகள் உருவாகும் காலம், கீமோ கூடாது. அறுவை சிகிச்சை செய்யலாம். அதைத் தாண்டினால் டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு போன்ற பழைய மருந்துகளைக் கொடுக்கிறார்கள். பிற்பாடு வந்த டிராஸ்டுசுமாப் பனிக்குட நீரை வற்றச் செய்யும். அதுவும் தமாக்ஸிஃபென் மாத்திரையும் பிரசவத்துக்கு அப்புறம்தான். கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சும் பொதுவாக அப்படியே. 35 வாரத்தோடு கீமோவை நிறுத்திவிடுவார்கள். ரத்த அணுக்கள் தேறாமல் பிரசவம் நடந்தால் கிருமியும் உதிரப்போக்கும் வந்து சேரும்.

பிள்ளை எப்படி இருக்கும்? பெல்ஜியத்தில் ஃபிரெடெரிக் அமாண்ட் குழுவினர், கர்ப்பத்தில் புற்றுநோய் கண்ட தாய்மாரின் 129 குழந்தைகளைப் பரிசோதித்து 2015இல் எழுதினார்கள். 96 பிள்ளைகள் கீமோவோடு வயிற்றில் வளர்ந்தவை. மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. குறைமாதத்தில் பிறந்தவைதான் கொஞ்சம் பின்தங்கின. "சீக்கிரம் எடுத்துடுங்க டாக்டர்" என்று நாம் அவசரப்படுத்துவது பிள்ளைக்கு நல்லதல்ல.

கருப்பைவாய்ப் புற்று வேறு கதை. பிள்ளை வெளிவரும் வழியிலேயே நோய். ஆரம்ப நிலை என்றால் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம். முற்றியிருந்தால் கர்ப்பத்தை விட வேண்டியும் வரலாம். தாயின் உயிரைக் காக்க அது உடனே தேவை என்றால் சட்டத்தில் வார வரம்பு கிடையாது.

இந்த வைத்தியத்துக்கு எங்கே போவது? கர்ப்பிணிகளுக்கான 18,000 ரூபாய் உதவித் திட்டத்துக்கு முத்துலெட்சுமி ரெட்டி பெயர்தானே? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவர்தான். நமக்கு அடையாறைவிடப் புதுச்சேரி ஜிப்மர் பக்கம். புற்றுநோய்ப் பிரிவும் பிரசவப் பிரிவும் ஒரே வளாகம். இரண்டு டாக்டர்களும் கலந்து பேசினால்தான் அந்த மாதக் கணக்கு சரியாக வரும். கட்டி தட்டுப்பட்டவளை, கிராம செவிலியரிடம் அதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் கீமோ தொடர்ந்தால் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது, அதையும் சொல்லி வையுங்கள்.