பேஸ்மென்ட் பூதம்!

எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்புற மக்களே... விசா ஸ்டாம்ப் ஆச்சா? குக்கர், பருப்புப்பொடி, ஆவக்காய் எல்லாம் பேக் ஆச்சா? சந்தோஷம்! ஆனா, நீங்க போய் இறங்கப்போற வீட்டுக்குக் கீழே ஒரு பூதம் உட்கார்ந்திருக்கும். அதைப் பத்தி எந்த கன்சல்டன்சியும் உங்ககிட்ட சொல்லியிருக்காது.

பூதத்தின் பெயர் கேஸ் ஃபர்னஸ். உடனே இரும்பு உருக்குற உலையைக் கற்பனை பண்ணாதீங்க. இது பேஸ்மென்ட்ல நிக்கிற, நம்ம வீட்டு பீரோவைவிடக் கொஞ்சம் சின்ன தகரப் பெட்டி. உள்ளே கேஸ் எரியும். அந்தச் சூட்டில் காற்று சூடாகி, டக்ட் வழியா ஒவ்வொரு ரூமுக்கும் போகும். 1919-லேயே ஆலிஸ் பார்க்கர் என்ற கறுப்பினப் பெண் இந்த ஐடியாவுக்கு அமெரிக்காவில் பேடன்ட் வாங்கியிருக்கார். (எங்க தெர்மல் புக்ல அவர் பேரைக் காணோம்!)

மேட்டருக்கு வர்றேன். போன ஜனவரி, காலை ஒன்பதரை மணி. மெக்கானிக்கல் சீனியர் ஒருத்தர் மினியாபொலிஸ்ல இருந்து வீடியோ காலில் வந்தார். அங்கே ராத்திரி பத்து. ஸ்வெட்டர், அதுக்கு மேல ஜாக்கெட், அதுக்கு மேல கம்பளி. மூக்கு மட்டும்தான் தெரிஞ்சது.

''டேய், வெளியே மைனஸ் 20 டிகிரி. உள்ளே 14. ஃபர்னஸ் ஸ்டார்ட் ஆகுது, நாலு நிமிஷம் எரியுது, பட்டுனு அணையுது. ஃபேன் மட்டும் சுத்துது. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப ஸ்டார்ட்... திரும்ப கட். சாயங்காலத்துல இருந்து இதே கதை. ஹவுஸ் ஓனர் போனை எடுக்கலை. நீயும் மெக்கானிக்கல்தானே, ஏதாவது சொல்லு!''

ஒரு சீனியர் நம்மகிட்ட டவுட் கேட்கிறார்... விடுவோமா? கதவை கழட்டச் சொல்லி வயரிங் படத்தை காட்டச் சொன்னேன். 'ஹை லிமிட் ஸ்விட்ச்'னு ஒண்ணு கண்ணுல பட்டது. சூடு அதிகமானா கேஸை கட் பண்ற ஸ்விட்ச். ''ணே, இந்த ஸ்விட்ச்தான் அவுட். ரெண்டு முனையையும் ஒரு ஒயர் வெச்சு இணைச்சுடுங்க. ராத்திரி ஓடட்டும், காலையில பார்த்துக்கலாம்''னு கெத்தா சொன்னேன். நம்ம ஊர்ல ஃபியூஸ் போனா தடி ஒயர் போட்டுக் கட்டுற பரம்பரை புத்தி! அவரும் ஒயரைத் தேடக் கிளம்பிட்டார்.

நான் பேசினது எங்க காலேஜ் ஒர்க்‌ஷாப் வாசல்ல. உள்ளே இருந்த இன்ஸ்ட்ரக்டர் எட்டிப் பார்த்தார். ''தம்பி, சூடாகுதுன்னு அது சொல்லுது. நீ அது வாயைப் பொத்தச் சொல்றே. சூடு எங்கேயிருந்து வருதுன்னு கேட்டியா?''

கேட்கலை சார்.

அவர் கேட்கச் சொன்ன முதல் கேள்வி: ''நாலு நிமிஷமா, நாலு செகண்டா?'' இதுதான் மொத்த நோயையும் பிரிக்கிற கேள்வி. தீ பிடிச்ச சில செகண்டிலேயே அணைஞ்சா, பெரும்பாலும் ஃப்ளேம் சென்சர் என்கிற குச்சி அழுக்காகியிருக்கும். தீ எரியுதான்னு போர்டுக்குத் தகவல் சொல்றது அதுதான். தகவல் போகலைன்னா, கேஸ் வீணா கசியக் கூடாதுன்னு போர்டு வால்வை மூடிடும். ஆனா, நல்லா எரிஞ்சு, நாலஞ்சு நிமிஷம் கழிச்சு அணைஞ்சு, ஃபேன் மட்டும் ஓடினா... பூதத்துக்கு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்.

இதுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கு, பயப்படாதீங்க. அந்த ஃபர்னஸ்ல ஒட்டியிருந்த லேபிள்ல மணிக்கு 80,000 பி.டி.யூ.ன்னு போட்டிருந்தது. அதாவது 23 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல. நம்ம வீட்டு 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட பன்னிரண்டைச் சேர்த்து ஆன் பண்ணின மாதிரி! அவ்வளவு சூட்டையும் அள்ளிட்டுப் போகவேண்டியது காற்று. 20 டிகிரியில் உள்ளே போற காற்று 28 டிகிரி ஏறி 48-ல வெளியே வருதுன்னு வெச்சுக்கோங்க. காற்றின் அளவு பாதியா குறைஞ்சா ஏற்றம் டபுள். 76 டிகிரி! பல ஃபர்னஸ்களில் லிமிட் ஸ்விட்ச் விழிச்சுக்கிற இடம் இதுதான். கேஸ் கட். ஃபேன் ஓடி பெட்டியை ஆற வைக்கும். ஆறினதும் திரும்ப எரியும். இதுக்குப் பேர்தான் ஷார்ட் சைக்ளிங். வீடு குளிருது, ஆனா ஃபர்னஸ் கொதிக்குது!

அப்ப காற்றை எது தடுக்குது? ''ஃபில்டரை எப்ப மாத்துனீங்க?''ன்னு கேட்டேன். எதிர்முனையில் மௌனம். ''ஃபில்டர்னு ஒண்ணு இருக்கா?''

ஆகஸ்ட்ல குடிவந்த நாலு பசங்க. தினமும் தாளிப்பு. மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி, ஃபர்னஸ் பக்கத்துல இருந்த ஒல்லியான ஸ்லாட்ல இருந்து உருவினா... வெள்ளையா இருந்திருக்க வேண்டிய அட்டை, சாம்பல் நிறக் கம்பளி மாதிரி வந்தது. கேமராவில் பார்த்த எனக்கே தும்மல் வந்தது.

அந்த நேரத்துல புது ஃபில்டருக்கு எங்கே போறது? சோதனைக்காகப் பத்து நிமிஷம் ஃபில்டர் இல்லாமலே ஓட்டினாங்க (அப்படியே விட்டா தூசி உள்ளே போய் அடைச்சுக்கும்). நாலு நிமிஷம் தாண்டுச்சு... ஆறு... எட்டில் மறுபடி கட்! எனக்கு வியர்த்துடுச்சு.

அப்பதான் ரூம்மேட் ஒருத்தர் மெதுவா வாயைத் திறந்தார். கேஸ் பில்லை மிச்சம் பிடிக்க, ஆள் இல்லாத ரூம்கள்ல இருந்த காற்று வழி ஜன்னல்களை எல்லாம் மூடி வெச்சிருந்தாராம். ஹாலில் ரிட்டர்ன் கிரில்லுக்கு முன்னாடி சோபா வேற! சிக்கனம்தான், ஆனா பூதத்தோட வாயையும் மூக்கையும் சேர்த்துப் பிடிச்ச சிக்கனம். எல்லாத்தையும் திறந்தாங்க, சோபாவை இழுத்தாங்க. ஃபர்னஸ் நிக்காம எரிஞ்சது. மறுநாள் காலையில கடைக்கு ஓடி, அதே சைஸ் ஃபில்டர் வாங்கி, அதுல இருக்கிற அம்புக்குறி ஃபர்னஸைப் பார்க்கிற மாதிரி சொருகினாங்க. விலை சில டாலர்தான். 'தூசி, பாக்டீரியா எல்லாத்தையும் பிடிக்கும்'னு விக்கிற அடர்த்தியான ஃபில்டரை எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். ஒரு இஞ்ச் கனத்துல அதுவும் காற்றை இறுக்கும்.

இதுக்கப்புறமும் கட் ஆச்சுன்னா? ப்ளோயர் சக்கரத்துல அழுக்கு, மேலே இருக்கிற ஏ.சி. காயில்ல அடைப்பு, அந்த வீட்டுக்குத் தேவையைவிடப் பெரிய ஃபர்னஸ்னு காரணங்கள் நிறைய. கதவுக்குப் பின்னால போர்டில் ஒரு குட்டி லைட் கண் சிமிட்டும். எத்தனை சிமிட்டலுக்கு என்ன அர்த்தம்னு கதவுலேயே சார்ட் ஒட்டியிருக்கும். அதைப் படிச்சு டெக்னீஷியன்கிட்ட சொல்லுங்க, நீங்க ஸ்க்ரூ டிரைவரோட இறங்காதீங்க.

நான் சொன்ன ஒயரைப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? இன்ஸ்ட்ரக்டர் பேப்பர்ல படம் போட்டுக் காட்டினார். தீ ஒரு பக்கம், வீட்டுக் காற்று ஒரு பக்கம், நடுவுல ஒரு மெல்லிய இரும்புத் தகடு. அளவுக்கு மீறிச் சூடானா அது விரிசல் விடலாம். அந்த வழியா கார்பன் மோனாக்சைடு பெட்ரூமுக்கு வரலாம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல்னு ஆரம்பிக்கும். தூங்குறவங்களுக்கு அதுகூடத் தெரியாது. அந்த வீட்ல தூங்கப் போனது நாலு பேர். படத்தைப் பார்த்ததுக்கப்புறம் எனக்கு மதியச் சாப்பாடு இறங்கலை.

அதனால வீடு பார்க்கும்போதே 'கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்கே?'ன்னு கேளுங்க, பட்டனை அமுக்கி கத்துதான்னு பாருங்க. அது நிஜமாவே கத்தினா ஃபர்னஸை ஆராயாதீங்க. எல்லாரும் வெளியே ஓடி 911-க்கு போன் போடுங்க. கேஸ் வாசனை வந்தாலும் அப்படித்தான், லைட் ஸ்விட்சைக்கூடத் தொடாம!

சீனியர் இப்ப நலம், வீடு 20 டிகிரி. அவர் வெட்டி வெச்சிருந்த ஒயர் துண்டைத் தூக்கிப் போடலையாம். ஃபர்னஸ் கதவுல டேப் போட்டு ஒட்டி, பக்கத்துல மார்க்கரால என் பேரை எழுதி, புதுசா வர்ற ஜூனியர்ஸ்கிட்ட எல்லாம் காட்டுறாராம். மானம் போச்சு பாஸ்!