எண்ணூருக்கு மேலே எஞ்சின் நின்றால்...

2025 நவம்பர் 13-ஆம் தேதி, திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் நார்த்தாமலை அருகே ஒரு சின்ன விமானம் வந்து இறங்கியது. சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா 172 ரகப் பயிற்சி விமானம் அது. உள்ளே இருந்த இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். மறுநாள் திருப்போரூர் அருகே விமானப்படையின் பிலாட்டஸ் பயிற்சி விமானம் விழுந்து நொறுங்கியது. அதன் விமானி இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, பாராசூட்டில் இறங்கித் தப்பினார்.

அப்படி வெளியே வீசும் இருக்கை சின்ன விமானம் ஓட்டும் தனியாருக்குக் கிடையாது. கோளாறு எதுவானாலும் விமானத்தைக் கையில் பிடித்தபடியே தரை வரைக்கும் வந்தாக வேண்டும். நார்த்தாமலையில் நேரான சாலை இருந்தது, சுற்றிலும் வெட்டவெளி இருந்தது. அதே கோளாறு ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் வந்திருந்தால்?

வடசென்னையின் வானம் சென்னை விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அனுமதி இல்லாமல் யாரும் சின்ன விமானத்தில் இங்கே சுற்ற முடியாது. ஆனாலும் இந்தக் கேள்வியை இந்த மண்ணை வைத்துக் கேட்பதில் பொருள் இருக்கிறது. ஒரு விமானி எதையெல்லாம் முன்கூட்டி யோசித்து வைக்க வேண்டும் என்பதை இவ்வளவு கறாராகச் சொல்லித்தரும் நிலப்பரப்பு தமிழ்நாட்டில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் கணக்கு. செஸ்னா 172-இன் எஞ்சின் நின்றுபோனால் அது கல்லைப் போல விழாது. மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கிக்கொண்டே வரும். காற்று இல்லாத நாளில், ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோமீட்டர் தூரம் கிடைக்கும். 2000 அடியில், ராயபுரத்துக்கு நேர் மேலே நின்றுபோனால், திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வரை வரலாம். கையில் இருக்கும் நேரம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு.

அந்த மூன்று நிமிடத்தில் விமானி கீழே என்ன பார்ப்பார்? மேற்கே தண்டையார்பேட்டையின் நெருக்கமான தெருக்கள். வடமேற்கே மணலியின் எண்ணெய்த் தொட்டிகள். எண்ணூர் விரைவுச் சாலை நீளமாகத்தான் கிடக்கிறது, ஆனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் அதை அடைத்துக்கொண்டு நிற்கும். கடற்கரை? சென்னைத் துறைமுகம் கட்டிய நாளிலிருந்து தெற்கேயிருந்து வரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டு, மெரினா அகலமானது, ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. அதைத் தடுக்கப் போட்ட பாறைச் சுவரும், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தூண்டில் வளைவுகளும்தான் இன்று திருவொற்றியூரின் கரை. ஒரு சின்ன விமானத்துக்குத் தேவையான சில நூறு மீட்டர் சமமான மணல் அங்கே அரிது.

இன்னும் வடக்கே போனால் நிலம் ஏமாற்றும். அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டும் குளங்கள் மேலிருந்து பார்த்தால் சமதரை மாதிரியே தெரியும். சக்கரம் பட்டால் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். உப்பளங்கள் பரவாயில்லை, வரப்புகள் குறுக்கே வராமல் நீளவாக்கில் இறங்கினால் பிழைக்க வழியுண்டு. ஆனால் மின் நிலையங்களிலிருந்து கிளம்பும் உயர் அழுத்தக் கம்பிகள் இந்தப் பகுதி முழுக்கப் பின்னிக் கிடக்கின்றன. கம்பி கண்ணுக்குத் தெரிவதில்லை. கோபுரங்களைப் பார்த்துத்தான் நடுவில் கம்பி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேற்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் அங்கே நடந்த கார், பைக் பந்தயங்களால்தான் நமக்கு அந்தப் பெயர் தெரியும். பக்கத்திலுள்ள செங்குன்றம் ஏரியில் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா நீர்விமானங்கள் இறங்கி ஏறின. ஓடுதளம், ஏரி இரண்டும் வரைபடத்தில் ஆறுதலாகத் தெரியும். எண்ணூரிலிருந்து சோழவரம் நேர்கோட்டில் சுமார் 17 கிலோமீட்டர். சறுக்கியே அங்கே போய்ச் சேர 6000 அடிக்கு மேல் உயரம் வேண்டும். 2000 அடியில் இருப்பவர் அந்தப் பக்கம் திரும்பினால், மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே, வீடுகளுக்கு நடுவே உயரம் தீர்ந்துபோகும்.

எஞ்சின் நின்ற விபத்துகளில் உயிரைப் பறிப்பது பல நேரங்களில் எஞ்சின் அல்ல, அதற்குப் பின்னால் வரும் வேகக் குறைவு. சத்தம் நின்றதும் கை தானாகவே மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். தரையை விட்டு விலகியிருக்க வேண்டும் என்ற இயற்கையான தவிப்பு அது. தூக்கினால் வேகம் குறையும், இறக்கை காற்றைப் பிடிப்பதை விட்டுவிடும், விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து சுழலும். ஆகவே பயிற்சியில் முதலில் ஊட்டுவது இதைத்தான்: மூக்கை இறக்கு, சறுக்கும் வேகத்தைப் பிடி. விமானம் ஒழுங்காகப் பறந்தபிறகு இடம் தேடு. இடம் முடிவானபின் காரணம் பார். கடைசியில்தான் ரேடியோ; மூன்று முறை ‘மேடே’, அவசர அலைவரிசை 121.5. இந்த வரிசையை மாற்றி முதலில் பேசத் தொடங்குபவர், பேசி முடிக்கும்போது ஓட்டுவதற்கு உயரம் இல்லாமல் நிற்பார்.

ஓடுதளத்திலிருந்து கிளம்பிய உடனே எஞ்சின் நின்றால் விதி இன்னும் கடுமை. பின்னால் தெரியும் ஓடுதளத்துக்கே திரும்பிவிடலாம் என்று தோன்றும். தாழ்வான உயரத்தில் அப்படித் திரும்பியவர்களில் பலர் திரும்பும்போதே விழுந்தார்கள். முன்னால், அல்லது சற்றே இடம் வலமாக, கிடைத்த இடத்தில் இறங்குவதுதான் பாடம். விமானம் போனால் போகட்டும் என்று அந்த நொடியில் மனதார விட்டுவிட வேண்டும். சொந்தக் காசில் வாங்கிய விமானத்தை அப்படி விடுவது எளிதல்ல. அதனால்தான் அந்த முடிவைத் தரையிலேயே, எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

எஞ்சின் நிற்பதற்கான காரணங்களில் ஒன்று சென்னைக்காரர்களுக்கு வியப்பாக இருக்கும்: பனிக்கட்டி. கார்புரேட்டர் உள்ள பழைய எஞ்சின்களில், பெட்ரோல் ஆவியாகும்போதும் குறுகிய குழாயில் காற்று விரையும்போதும் உள்ளே வெப்பநிலை சட்டென்று இறங்கும். வெளியே 25 டிகிரி இருந்தாலும் காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் உள்ளே பனி படியும். கடலோர ஈரக் காற்றில், எஞ்சினைக் குறைத்து இறங்கிவரும்போது இது நடக்கலாம். சுழற்சி மெல்ல மெல்லக் குறையும். சூடான காற்றைத் திருப்பிவிடும் விசையை இழுத்தால் எஞ்சின் முதலில் இன்னும் மோசமாக உதறும்; உருகிய நீர் உள்ளே போவதால் வரும் உதறல் அது. பயந்துபோய் விசையை மறுபடி மூடிவிடுபவர் எஞ்சினை இழப்பார். அந்தச் சில நொடிகளைப் பொறுத்துக்கொள்பவருக்கு எஞ்சின் திரும்பிவரும்.

இன்னொன்று எரிபொருள். 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் மணலி ஆலை விமான எரிபொருளும் தயாரிக்கிறது. ஆனால் அது ஜெட் விமானங்களுக்கானது. செஸ்னா போன்ற பிஸ்டன் எஞ்சின்களுக்குத் தேவையான ‘ஏவ்கேஸ்’ வேறு. அதை நம் நாடு வெளிநாட்டிலிருந்தே வாங்கிவந்தது. இந்தியன் ஆயில் தன் குஜராத் ஆலையில் தயாரித்து அறிமுகம் செய்தது 2022 செப்டம்பரில்தான். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றிவிட்டால், குழாயில் மிச்சமிருக்கும் நல்ல எரிபொருளில் எஞ்சின் கிளம்பும், ஓடும், விமானம் தரையை விட்டு எழுந்தபிறகு நின்றுபோகும். ஆகவே ஒவ்வொரு முறையும் தொட்டியின் அடியிலிருந்து ஒரு குப்பியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். ஏவ்கேஸ் நீல நிறமாக இருக்க வேண்டும். அடியில் குமிழாக நீர் நின்றால், முந்தைய இரவின் ஈரம் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறது. குனிந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எதிர்பாராத கோளாறு என்று பின்னால் சொல்லப்படுகிற எத்தனையோ விஷயம் அந்தக் குப்பியில் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய இன்னொன்று, மாற்று உதிரிபாகம் எடுத்துவைப்பது. அதற்கு இந்திய விமானச் சரித்திரத்திலேயே அழகான சாட்சி உண்டு. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்திருந்தார். 1930-இல் கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா கிளம்பினார், எதிர்த்திசையில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்பி என்ஜினியர் என்ற பதின்வயது இளைஞர் வந்துகொண்டிருந்தார். எகிப்தில் அபூகீரில் இருவரும் சந்தித்தார்கள். ஸ்பார்க் பிளக் பழுதாகி, மாற்றுப் பிளக் இல்லாமல் ஆஸ்பி அங்கே மாட்டிக்கொண்டிருந்தார். போட்டியாளர் என்றும் பாராமல் டாட்டா தன்னிடமிருந்த பிளக்குகளைக் கொடுத்தார். ஆஸ்பி தன் உயிர்காப்பு மேலங்கியை டாட்டாவுக்குக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போனது. பின்னாளில் அவர் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார். டாட்டா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து அந்தத் தபாலை பெல்லாரி வழியாக நம் மெட்ராசுக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அவர்கள் ஓட்டிய விமானத்தில் ஒற்றை எஞ்சின், ரேடியோ கிடையாது.

இயந்திரத்தைவிட நான் அதிகம் அஞ்சுவது புகையையும் அவசரத்தையும். போகிப் பண்டிகை விடியலில் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தையே முடக்கியதுண்டு. 2018-இல் ஏராளமான விமானங்கள் திருப்பி விடப்பட்டன. கருவிகளை நம்பிப் பறக்கப் பயிலாதவர் இந்த வெண்மைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். எல்லோரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 நொடி. நேராகப் போவதாக உள்காது சொல்லும். விமானமோ சரிந்து சுழன்றுகொண்டிருக்கும். இதற்கு மருந்து, புகையைப் பார்த்த உடனே வந்த வழியே திரும்புவது. ஆனால் வீட்டுக்குப் போக வேண்டும், மறுநாள் வேலை இருக்கிறது, உடன் வந்தவரிடம் சொல்லியாயிற்று என்ற நெருக்கடிதான் அனுபவசாலிகளைக்கூட உள்ளே இழுக்கிறது. பறக்காமல் தரையில் நின்றுவிட்ட விமானியை யாரும் பாராட்டுவதில்லை. பாராட்ட வேண்டும்.

விமான விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. நெருக்கமான குடியிருப்புகளுக்கு மேலே பறப்பவர், எஞ்சின் நின்றாலும் கீழே இருப்பவர்களுக்கு ஆபத்தின்றி இறங்கக்கூடிய உயரத்தில்தான் பறக்க வேண்டும். 600 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் மிக உயரமான தடையைவிட ஆயிரம் அடியாவது மேலே இருக்க வேண்டும். வல்லூர் மின் நிலையப் புகைபோக்கி 275 மீட்டர், அதாவது 900 அடி. அதன் பக்கத்தில் 1900 அடிக்குக் கீழே வரவே கூடாது. தண்டையார்பேட்டையில் மாடியில் துணி காயப்போடும் பெண்மணி அந்த விமானத்தில் ஏறச் சம்மதித்தவர் அல்ல. பறக்கும் ஆசை ஒருவருடையது. அதன் ஆபத்தையும் அவரே சுமக்க வேண்டும். ஆகவே எந்த வழியில் பறப்பது என்று தேர்ந்தெடுக்கும்போதே அவசர நிலையைக் கையாளும் வேலை தொடங்கிவிடுகிறது. இங்கே அந்த வழி கடலோரத்தை ஒட்டி, கடல் பக்கமாக இருக்க வேண்டும்.

கடலில் இறங்குவதும் சாதாரணமல்ல. நிலையான சக்கரம் உள்ள விமானம் நீரைத் தொட்டதும் தலைகுப்புறக் கவிழ வாய்ப்பு அதிகம். ஆகவே நீர் தொடுவதற்கு முன்பே கதவைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். பெரிய அலைகளுக்கு இணையாக இறங்க வேண்டும். காற்றின் திசைக்குப் புகைபோக்கிப் புகையை மட்டும் நம்பக் கூடாது. பகல் பொழுதில் தாழ்வாக நுழையும் கடற்காற்று ஒரு திசையிலும், அதற்கு மேலே புகை வேறு திசையிலும் போகலாம். படகுகளில் பறக்கும் கொடிகள் சரியாகச் சொல்லும். உயிர்காப்பு மேலங்கியை விமானத்துக்குள்ளேயே ஊதிவிடவும் கூடாது. 1996-இல் கொமோரோ தீவுக் கரையில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் பலர் அப்படி ஊதிக்கொண்டு வெளியே வர முடியாமல் உள்ளேயே மூழ்கினார்கள்.

யார் பக்கத்தில் இறங்குவது என்பதும் முக்கியம். காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பலைப் பார்த்து ஆறுதல் கொள்ளத் தோன்றும். அதன் உயரமான பக்கச் சுவரில் நீந்துகிறவர் பிடித்து ஏற ஒன்றும் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கப்பலோ நின்று திரும்பவே வெகுநேரமாகும். காசிமேட்டு ஃபைபர் படகு நிமிடங்களில் வந்துவிடும், கையை நீட்டினால் நீரை எட்டும். 2009-இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தின் 155 பேரும் பிழைத்ததற்கு, விமானியின் கைத்திறனோடு, அருகில் ஓடிக்கொண்டிருந்த பயணிகள் படகுகளும் காரணம். ஆளில்லாக் கடல் வேறு கதை. 2015 ஜூன் 8 இரவு, சென்னையிலிருந்து ரோந்து சென்ற கடலோரக் காவல்படையின் டோர்னியர் மூன்று பேரோடு காணாமல் போனது. இரட்டை எஞ்சின், தேர்ந்த குழு. நீர்மூழ்கிக் கப்பலும் ஆழ்கடல் ஆய்வுக் கப்பலும் தேடி, ஒரு மாதத்துக்குப் பிறகே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடைத்தன.

ஆழ்கடல் செல்லும் மீனவர்களுக்கென்று இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவியின் சமிக்ஞை செயற்கைக்கோள் வழியாகச் சென்னையிலுள்ள கடலோரக் காவல்படை மீட்பு மையத்துக்கு வருகிறது. கடலில் ஒரு விமானம் இறங்குவதைப் பார்க்கும் படகுக்காரர் 1554 என்ற எண்ணில் அதே படையை அழைக்கலாம். அழைத்துவிட்டு நெருங்கும்போது சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். புரொப்பல்லர் நின்றுவிட்டதா என்று பார்த்து, மூக்குப் பக்கம் போகாமல் வால் பக்கமாக வர வேண்டும். நீரின் மேல் பெட்ரோல் பரவியிருக்கும்; பீடி, அடுப்பு எதுவும் எரியக் கூடாது. ஆட்களைத் தூக்கும்போது படகை விமானத்தோடு கட்டக் கூடாது. அது மூழ்கும்போது படகையும் இழுக்கும். செஸ்னா 172-இல் நான்கு இருக்கைகள் இருக்கும். ஒருவர் வெளியே வந்ததும் இன்னும் எத்தனை பேர் உள்ளே என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும்.