அரசு வக்கீல் யாருக்கு வக்கீல்?

உக்கடத்தில் யாரைக் கேட்டாலும் வார்டு கவுன்சிலர் பெயரைச் சொல்லிவிடுவார்கள். எம்.எல்.ஏ., எம்.பி. பெயரும் தெரியும். ரோட்டில் குழி விழுந்தால் யாரைப் பிடிக்க வேண்டும், பெரியகுளத்தில் குப்பை சேர்ந்தால் யாரிடம் சண்டை போட வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால், கோவை கோர்ட்டில் மக்கள் சார்பில் நிற்கும் பி.பி., அதாவது அரசு வக்கீல் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

இத்தனைக்கும் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றக்கூடிய பதவி அது. ஜாமீனை எதிர்ப்பதா விடுவதா, எந்தச் சாட்சியை அழைப்பது, வாய்தா கேட்பதா வேண்டாமா, தோற்ற வழக்கில் மேல்முறையீட்டுக்குப் பரிந்துரைப்பதா... எல்லாவற்றிலும் அவருடைய வார்த்தைக்கு எடை உண்டு.

அமெரிக்காவில் இந்தப் பதவிக்குப் பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலே நடக்கிறது. பிலடெல்பியா நகரத்தில் 2017-ல் லாரி கிராஸ்னர் என்பவர், 'பணம் கட்ட முடியாத ஏழை ஜெயிலில் கிடப்பதைக் குறைப்பேன்' என்று சொல்லி ஓட்டுக் கேட்டார், ஜெயித்தார். பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே, 25 வகைச் சிறு குற்றங்களுக்கு இனி ரொக்க ஜாமீன் கேட்பதில்லை என்று அறிவித்தார். வழக்குகளின் எண்ணிக்கையை அவருடைய அலுவலகமே இணையத்தில் வெளியிடுகிறது. சொன்னதைச் செய்தாரா என்று எந்த ஊர்க்காரரும் பார்த்துக்கொள்ளலாம். சான்பிரான்சிஸ்கோவில் கதை வேறு மாதிரி. 2019-ல் இதேபோல் சீர்திருத்தம் பேசி ஜெயித்த செசா பூடினை, 2022 ஜூனில் மக்களே ஓட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தேர்தல் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஓட்டுக்காக, 'எல்லோரையும் உள்ளே தள்ளுவேன்' என்று பேசி ஜெயிப்பவர்களும் அங்கே உண்டு. ஆனால் ஒரு நல்ல பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. 'என்ன செய்வதாகச் சொன்னீர்கள்? என்ன செய்தீர்கள்?' என்று அரசு வக்கீலைப் பார்த்தே கேட்கிறார்கள். நாம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

நம் ஊரில் எப்படி வருகிறார்கள்?

நம்மிடம் இரண்டு வழிகள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்கும் ஏ.பி.பி.க்கள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருபவர்கள். கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற பெரிய வழக்குகள் நடக்கும் செஷன்ஸ் கோர்ட்டின் பி.பி.யை மாநில அரசு நியமிக்கிறது. கலெக்டர், மாவட்ட நீதிபதியைக் கலந்துகொண்டு ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும்; அதிலிருந்து, குறைந்தது 7 ஆண்டு அனுபவமுள்ள ஒருவரை அரசு தேர்வு செய்ய வேண்டும் என்பது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 24-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 18-வது பிரிவாக இருக்கிறது.

நடப்பில் என்ன? ஆட்சி மாறினால் கோர்ட் வளாகத்தில் பி.பி.க்களும் மாறுவார்கள். ஆளும் கட்சியின் வழக்கறிஞர் அணிக்கு அது 'சீசன்'. இது எந்த ஒரு கட்சியின் பழக்கமும் அல்ல. பஞ்சாப் மாநிலம் தொடர்பான வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகவே கண்டித்தது. அரசு வக்கீல் நியமனம் சலுகையாக இருக்கக் கூடாது, தகுதி பார்த்து, வெளிப்படையாக நடக்க வேண்டும் என்றது.

ஆக, நாம் பி.பி.க்கு நேராக ஓட்டுப் போடுவதில்லை. அவரை நியமிப்பவர்களுக்கு ஓட்டுப் போடுகிறோம். கேள்வி கேட்கும் உரிமை அதிலேயே வந்துவிடுகிறது.

ஒரே வழக்கு, இரண்டு பக்கமும் காத்திருப்பு

அரசு வக்கீல் என்றால் போலீஸின் வக்கீல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். 1999-ல் சிவகுமார் - ஹுக்கம் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எப்படியாவது தண்டனை வாங்கிவிட வேண்டும் என்ற வெறி அரசு வக்கீலுக்கு இருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான விஷயம் இருந்தால், அதையும் கோர்ட்டின் முன் வைப்பது அவர் கடமை என்றது. அவர் கட்சிக்காரர் போலீஸும் இல்லை, ஆளும் கட்சியும் இல்லை. பொதுமக்கள்.

இது ஏன் முக்கியம் என்று உக்கடத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1997 நவம்பர் 29-ல் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் உக்கடத்தில் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் பலியானார்கள். 1998 பிப்ரவரி 14-ல் நகரம் முழுக்க வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன. 200-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள்.

அந்தக் குண்டுவெடிப்பு வழக்கில் 160-க்கும் மேற்பட்டவர்கள் குற்றம் சாட்டப்பட்டார்கள். சுமார் 1,300 சாட்சிகள். சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பைச் சொல்லத் தொடங்கியது 2007 ஆகஸ்ட் 1-ல். பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பமும், காலை இழந்தவரும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், 1998 மார்ச்சில் கைதான கேரளத் தலைவர் அப்துல் நாசர் மதானி, ஜாமீன் கிடைக்காமல் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஜெயிலில் இருந்தார். குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை என்று அதே கோர்ட் அவரை விடுதலை செய்தது.

மெதுவாக நகரும் வழக்கு, பாதிக்கப்பட்டவர், குற்றம் சாட்டப்பட்டவர் இருவரையும் வதைக்கிறது. 'குற்றவாளிகளுக்குப் பரிவு காட்டுவதா?' என்று சீர்திருத்தத்தைச் சந்தேகிப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். சீக்கிரமாக, நேர்மையாக நடக்கும் வழக்குதான் பறிகொடுத்த குடும்பத்துக்கும் வேண்டியது. செய்யாத குற்றத்துக்கு உள்ளே கிடப்பவருக்கும் வேண்டியது.

நல்ல பி.பி. கிடைத்தால்...

கொங்கு மண்டலத்திலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு.

2015 ஜூனில் திருச்செங்கோட்டில் கடத்தப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். ஆணவக் கொலை வழக்கு. முக்கிய சாட்சியான தோழியே கோர்ட்டில் பிறழ் சாட்சியானார். அப்போதும் கோகுல்ராஜின் அம்மா விடவில்லை. நாமக்கல்லில் நடந்த விசாரணையை வேறு ஊருக்கு மாற்ற வேண்டும் என்று போராடினார். வழக்கு மதுரைக்குப் போனது. பவானியைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். கோயில் சிசிடிவி காட்சிகளும் சூழ்நிலைச் சாட்சியங்களும் வழக்கைத் தூக்கி நிறுத்தின. 2022 மார்ச்சில் யுவராஜ் உட்பட 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. யுவராஜுக்குச் சாகும்வரை ஆயுள். 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரே வழக்குதான். ஊரும் வக்கீலும் மாறியபோது வழக்கின் போக்கும் மாறியது.

அடுத்து, பொள்ளாச்சி. 2019-ல் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அதிகாரிகள் மூலமாகவே வெளியே வந்தது. அதன்பிறகு யார் துணிந்து சாட்சி சொல்ல வருவார்கள்? ஆனாலும் வந்தார்கள். சி.பி.ஐ. தரப்பு சிறப்பு வழக்கறிஞர் சுரேந்திர மோகன் நடத்திய அந்த வழக்கில், ஒருவர்கூடப் பிறழ் சாட்சி ஆகவில்லை. 2025 மே 13-ல் கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் அறிவித்தது.

இரண்டும் நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்குகள். கேமரா திரும்பாத வழக்குகளில் என்ன நடக்கிறது என்பதுதான் நமக்கு உண்மையான கேள்வி.

ஒரு செல்போன் திருட்டு வழக்கு

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பஸ் ஸ்டாண்டில் செல்போன் திருடியதாக, டீக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பையன் முதல் தடவையாகக் கைதாகிறான். அதிகபட்சத் தண்டனையே 3 ஆண்டுதான். ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும் என 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காரணம் இருக்கிறதா என்று ஏ.பி.பி. பார்த்தாரா? ஜாமீன் மனு வரும்போது, காகிதத்தைப் பிரிக்காமலேயே 'ஆட்சேபணை' என்றாரா?

இந்த வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது அவனுடைய உரிமை. ஜாமீன் கிடைத்தும் ஷூரிட்டி கொடுக்க ஆள் இல்லாமல் உள்ளேயே இருந்தால்? வேறு வழக்கு இல்லாத, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைக் கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 479-வது பிரிவு. இந்தப் பையனுக்கு அது ஓர் ஆண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. கோர்ட்டுக்கு எழுத வேண்டியது ஜெயில் சூப்பிரண்டின் பொறுப்பு. புதுச் சட்டத்துக்கு முன்பு பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர், தீர்ப்பு வராமலேயே உள்ளே இருந்தவர்கள்!

இப்போது அந்த செல்போனைப் பறிகொடுத்த அக்கா பக்கம் வருவோம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய போன். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். இதுவும் சட்டம். பையனும் அக்காவும் எதிரெதிர் கட்சிதான். ஆனால் இருவருக்குமே அரசு வக்கீல் வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும்.

நம் கையில் என்ன இருக்கிறது?

நினைத்ததைவிட அதிகமாகவே இருக்கிறது.

• நீங்கள் பாதிக்கப்பட்டவர் என்றால், கோர்ட் அனுமதியோடு, அரசு வக்கீலுக்கு உதவியாக உங்கள் சொந்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம்.

• வழக்கைத் திரும்பப் பெற அரசு வக்கீல் மனுப் போட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமல் கோர்ட் அனுமதிக்கக் கூடாது. இது பி.என்.எஸ்.எஸ். 360-வது பிரிவு. பக்கத்து கேரளாவில், சட்டமன்றத்தில் 2015-ல் நடந்த ரகளை வழக்கைத் திரும்பப் பெற அந்த மாநில அரசு முயன்றது. 2021-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

• குற்றவாளி விடுதலையாகிவிட்டார் என்று நினைத்தால், அரசு மேல்முறையீடு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம்.

• வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இலவச சட்ட உதவி கிடைக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

• வாய்தா தேதி தெரிய கோர்ட்டுக்கு நடையாய் நடக்க வேண்டாம். 'இ-கோர்ட்ஸ்' செயலியில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால், அடுத்த தேதியும் கடந்த வாய்தாக்களும் போனிலேயே வந்துவிடும்.

• கோர்ட் பொதுவாகத் திறந்த இடம். பாலியல் வன்கொடுமை, குழந்தைகள் தொடர்பான வழக்குகள் தவிர மற்றவற்றை யார் வேண்டுமானாலும் பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். அமெரிக்காவின் பல நகரங்களில் மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். இங்கும் தடை ஏதும் இல்லை.

புது ஆட்சி, புது பி.பி. வரும்போது...

தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிகளும், 'குற்றங்களை இரும்புக்கரம் கொண்டு அடக்குவோம்' என்கின்றன. இரும்புக்கரம் கிடக்கட்டும். கீழ்க்கண்ட நான்கு கணக்கைக் கேட்போம்.

ஒன்று, இந்த மாவட்ட பி.பி.யை எந்தப் பட்டியலிலிருந்து, எந்தத் தகுதி பார்த்து எடுத்தீர்கள்? இரண்டு, கடந்த ஆண்டு எத்தனை வழக்குகளில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள்? மூன்று, 479-வது பிரிவின்படி வெளியே வரத் தகுதியுள்ள விசாரணைக் கைதிகள் கோவை மத்திய சிறையில் எத்தனை பேர், வெளியே வந்தவர்கள் எத்தனை பேர்? நான்கு, எத்தனை வழக்குகளைத் திரும்பப் பெற மனுப் போட்டீர்கள், அவை யாருடைய வழக்குகள்?

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. 'தகவல் தொகுக்கப்படவில்லை' என்று பதில் வந்தால், அதுவும் ஒரு பதில்தான். அந்தப் பதிலோடு எம்.எல்.ஏ.விடம் போய், 'ஏன் தொகுக்கவில்லை?' என்று கேட்கலாம்.

குழிக்கும் குப்பைக்கும் கேள்வி கேட்டுப் பழகிய ஊர் இது. பி.பி. பெயரையும் தெரிந்துகொள்வோம். அவர் நமக்கும் வக்கீல்.